சட்டம் படித்து முடித்த பிள்ளைக்கு இன்னும் ஏன் கொழும்பு பஸ்?

ஞாயிறு பின்னேரம் ஆறரை மணி. கோப்பாயில், பருத்தித்துறை வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒழுங்கை ஒன்றில் ஓட்டோ ஒன்று இயந்திரத்தை நிறுத்தாமலே நிற்கிறது. படலையடியில் ஒரு சூட்கேஸ், ஒரு முதுகுப்பை, கயிறு சுற்றிய காட்போட் பெட்டி. பெட்டிக்குள் பாதி புத்தகம். மீதி மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும். யாழ்ப்பாணம் பட்டினத்திலிருந்து எட்டு மணிக்குப் பஸ். விடிந்தால் வெள்ளவத்தை.

பக்கத்து வளவு மாமி கையில் ஒரு பழைய சொப்பிங் பையோடு படலையில் சாய்ந்து நிற்கிறார்.

“என்ன பிள்ளை, படிச்சு முடிஞ்சுதெண்டு போன வருசம் பட்டமளிப்புப் படமெல்லாம் காட்டினனியெல்லே. பிறகேன் திரும்பவும் கொழும்பு?”

“இனித்தான் மாமி சட்டக் கல்லூரிப் பரீட்சை. அது முடிஞ்சா ஒரு சீனியருக்குக் கீழ ஆறு மாசம் நிக்கோணும்.”

“அப்ப இவ்வளவு நாளும் திருநெல்வேலியில, யாழ்ப்பாணக் கம்பசில படிச்சது?”

பிள்ளை சிரித்துக்கொண்டு ஓட்டோவில் ஏறுகிறாள். அப்பா பெட்டியைத் தூக்கி வைக்கிறார். மாமியின் கேள்வி மட்டும் படலையிலேயே நிற்கிறது.

கோப்பாய், இருபாலை, நீர்வேலி, உரும்பிராய் என்று எந்தப் பக்கம் போனாலும் சட்டம் படிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளில் இதே கேள்வியின் ஏதோ ஒரு வடிவம் ஓடிக்கொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் படிப்பதா, கொழும்புக்கு மாறுவதா? நேரே சட்டக் கல்லூரிக்குப் போயிருக்கலாமோ? லண்டன் பட்டம் எடுத்தால் வெளிநாட்டில் வேலை கிடைக்குமா? எல்லாக் கேள்விக்கும் கீழே கிடப்பது ஒன்றுதான்: கடைசியில் பிள்ளைக்குத் தொழில் எங்கே?

பல பாதை, ஒரு வாசல்

இலங்கையில் சட்டம் படிக்க இடத்துக்குக் குறைவில்லை. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்கள் சட்டமாணிப் பட்டம் தருகின்றன. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. காசு கட்டக்கூடியவர்களுக்கு வெளிநாட்டுப் பட்டம் வழங்கும் தனியார் நிறுவனங்கள் கொழும்பில் இருக்கின்றன. ஆனால், எங்கே படித்தாலும் பட்டம் கையில் வந்தவுடன் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேச முடியாது. அதற்கான வாசல் நாடு முழுவதற்கும் ஒன்றேதான். அது 1874 இல் தொடங்கிய இலங்கைச் சட்டக் கல்லூரி. இருப்பது கொழும்பு, புதுக்கடையில்.

ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு ஹல்ஸ்டொப் என்று பெயர். 1656 இல் கொழும்பு முற்றுகையின்போது இறந்த டச்சுத் தளபதி ஹல்ஃப்டின் பெயர் அது. ஒரு படைத்தளபதியின் பெயரைத் தாங்கிய அந்தக் குன்றைக் கடக்காமல் இலங்கையில் எவரும் கறுப்புக் கோட்டுப் போடுவதில்லை.

யாழ்ப்பாணத்துப் பழைய ஆட்கள் இன்றும் ‘அப்புக்காத்து’ என்றும் ‘பிறக்கிராசி’ என்றும் சொல்வார்கள். முன்னவர் எழுந்து நின்று வாதாடுபவர். பின்னவர் வழக்கைத் தயாரிப்பவர். 1973 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இந்த இரண்டு தொழிலையும் ஒன்றாக்கியது. 1974 தொடக்கம் எல்லோருக்கும் ஒரே பெயர்: சட்டத்தரணி. வாய் காட்டும் பிள்ளையை “பெரிய அப்புக்காத்து” என்று ஏசும் வழக்கம் மட்டும் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படாமல் தொடர்கிறது.

---
பெட்டிச் செய்தி 1: கறுப்புக் கோட்டுக்கு எத்தனை படி?

● முதற்படிக்கு இரண்டு வழி. ஒன்று, உயர்தரப் பெறுபேற்றால் அரச பல்கலைக்கழகம் போய் 4 ஆண்டுச் சட்டமாணிப் பட்டம். மற்றது, சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதி நேரே 3 ஆண்டுப் படிப்பு.
● சட்டப் பட்டதாரிக்கு நுழைவுப் பரீட்சை இல்லை. ஆனால், சட்டக் கல்லூரியின் பரீட்சைகளை அவரும் எழுதவேண்டும்.
● பிறகு, குறைந்தது 8 ஆண்டு தொழில் செய்த சட்டத்தரணி ஒருவரின் கீழ் 6 மாதப் பயிலுநர் காலம்.
● கடைசியாக உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். (இலங்கையில் நாட்டின் அதிஉச்ச நீதிமன்றத்துக்குப் பெயர் உயர் நீதிமன்றம். தமிழ்நாட்டு வாசகர்கள் குழம்பவேண்டாம்.)
---

நடுவில் மாறலாமா?

அமெரிக்காவில் இது சாதாரணம். மூன்றாண்டுச் சட்டப் படிப்பின் முதலாண்டில் நல்ல புள்ளி எடுத்தால், கொஞ்சம் பெயர் குறைந்த கல்லூரியிலிருந்து பெயர் பெற்ற கல்லூரிக்கு மாறிப் போகலாம். போகிறவர் பழைய கல்லூரியில் எடுத்த தரவரிசையையும் அங்குள்ள பேராசிரியர்களின் சிபார்சையும் விட்டுவிட்டுப் போகிறார். புதிய இடத்தில் ஆளறியாத ஒருவராக வேலை தேடத் தொடங்குகிறார். இருந்தாலும் மாறுகிறார்கள். பெரிய சட்ட நிறுவனங்கள் ஆளெடுக்க வருவது பெயர் பெற்ற கல்லூரிகளின் வாசலுக்கு என்பதால்.

கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை நேர்மாறு. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008 ஆம் ஆண்டுச் சட்டக்கல்வி விதிகள் நடுவில் புகுவதையும் நடுவில் விலகுவதையும் தடுக்கின்றன. இலங்கையில் உயர்தரத்தில் எடுத்த இசட் புள்ளியும் விண்ணப்பத்தில் எழுதிய விருப்ப வரிசையும் இடத்தைத் தீர்மானிக்கின்றன. ஒருமுறை பதிந்தபின் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மாறுவது பெரும்பாலும் நடவாத காரியம். மாற விரும்புகிறவர் மாறுவதில்லை, முதலிலிருந்து தொடங்குகிறார். மூன்று தரம் மட்டும் எழுதக்கூடிய உயர்தரத்தை இன்னொருமுறை எழுதுகிறார், அல்லது பட்டத்தை விட்டுவிட்டுச் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு இருக்கிறார்.

‘மாற்றம்’ என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் இன்னொரு நினைவும் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தெற்கிலுள்ள பல்கலைக்கழகங்களுக்குத் திரும்பப் பயந்த தமிழ் மாணவர்கள் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டார்கள். 1984 தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் உண்ணாவிரதமும் இருந்தார்கள். அவர்களில் சட்டம் படித்தவர் யாரேனும் இருந்திருந்தாலும் அவர் மாறி வர இங்கே இடமே இருக்கவில்லை. 1974 இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டத்துறை வந்தது போர் முடிந்த பிறகுதான்.

மாற்ற முடியாத படிப்புக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் தொண்ணூறுகளில் தனியான நீதிமன்றங்களும் அவற்றுக்கு ஆட்களைப் பயிற்றுவிக்கும் சட்டக் கல்லூரியும் இயங்கின. 2009 இல் அந்த அமைப்பு முழுவதும் இல்லாமற்போனது. அங்கே வருடக்கணக்காகப் படித்தவர்களின் படிப்பைப் புதுக்கடை அறியாது. ஒரு சட்டக் கல்வியின் பெறுமதியை அதை ஏற்கும் நீதிமன்றமே தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் இல்லை.

வாய் எந்த மொழியில் திறக்கும்?

கோப்பாய்ப் பெற்றோர் ‘கொழும்புக் கம்பஸ்’ என்று சொல்லும்போது நினைப்பது தரத்தை. வேலை தேடும் நாளில் முன்னுக்கு வருவது மொழி.

1988 இல் வந்த 16 ஆவது திருத்தத்தோடு அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை சொல்வது இது: சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள். வடக்கு, கிழக்கு மாகாண நீதிமன்றங்களில் வழக்கேடு தமிழில். மற்ற மாகாணங்களில் சிங்களத்தில். மேன்முறையீட்டு நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் நடைமுறையில் ஆங்கிலம்.

இதை ஓர் இளம் சட்டத்தரணியின் உடம்பில் வைத்துப் பாருங்கள். பல்கலைக்கழகத்தில் தீர்ப்புகளை ஆங்கிலத்தில் படிக்கிறார். யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றத்தில் பிணை கேட்கும்போது தமிழில் கேட்கிறார். அதே ஆள் கொழும்பில் தங்கிவிட்டால், நீதவான் நீதிமன்றத்தில் கேட்பதும் பேசுவதும் எழுதுவதும் சிங்களம். கட்சிக்காரர் வெள்ளவத்தைத் தமிழராக இருந்தாலும் பொலிஸ் அறிக்கை சிங்களத்தில்தான் வரும். சிங்களம் வராதவர் அந்த மன்றில் சீனியருக்குப் பின்னால் கோப்போடு நிற்கலாம்; எழும்ப முடியாது. ஆங்கிலம் நன்றாக வருகிறவர் கம்பனிச் சட்டம், வங்கி, மேன்முறையீடு என்று போகலாம். அங்கேயும் போட்டி, ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்த கொழும்புப் பிள்ளைகளோடு.

மொழிச் சண்டை சட்டக் கல்லூரிக்குள்ளும் நடந்திருக்கிறது. கல்லூரியின் கல்வியையும் பரீட்சையையும் ஆங்கிலத்துக்கு மட்டும் மாற்றும் விதி 2020 இறுதியில் வர்த்தமானியில் வந்தது. கிராமத்துப் பிள்ளைக்கு வாசல் சாத்தப்படுகிறது என்றார்கள் ஒருபுறம். ஆங்கிலம் இல்லாமல் சட்டத் தொழிலா என்றார்கள் மறுபுறம். 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அந்த விதியை நிராகரித்தது. இரண்டு தரப்பும் சொன்னதில் உண்மை இருக்கிறது. தமிழில் பரீட்சை எழுதி வெளியே வருகிறவர் யாழ்ப்பாணத்தில் நிமிர்ந்து நிற்பார். அவருடைய கட்சிக்காரரின் வழக்கு மேன்முறையீட்டுக்குப் போகும் நாளில் இன்னொருவரின் கையைப் பிடிப்பார்.

எனவே வீட்டில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி “எந்தக் கம்பஸ்?” என்பதைவிட “எந்த மன்று?” என்பது. மன்று தெரிந்தால் மொழி தெரியும். மொழி தெரிந்தால், படிக்கும் நாலு வருடத்தில் எதைக் கூடுதலாகப் படிக்கவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். திருநெல்வேலியிலேயே இருந்துகொண்டு பின்னேரம் சிங்களம் படித்த பிள்ளை, கொழும்பில் படித்தும் தமிழ் அறைத் தோழிகளோடு மட்டும் காலம் போக்கிய பிள்ளையைவிடத் தூரம் போகும்.

ஆறு மாதமும் அதற்குப் பிறகும்

பயிலுநர் காலம் சட்டப்படி ஆறு மாதம். தொழிலின்படி அதற்கு முடிவு இல்லை. காலையில் சீனியரின் கோப்புகளை அடுக்குவது, தவணைத் திகதி குறிப்பது, நகர்த்தல் பத்திரம் எழுதுவது, பதிவாளரின் மேசையில் எந்த எழுதுவினைஞரிடம் எதைக் கேட்கவேண்டும் என்று பழகுவது. எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாதவை இவை. இவை தெரியாதவரிடம் எந்தக் கட்சிக்காரரும் இரண்டாம் தரம் வருவதில்லை.

பயிற்சிக்கு எங்கே நிற்பது என்பதுதான் உண்மையான ‘கல்லூரி மாற்றம்’. கொழும்பில் ஒரு சிவில் சீனியரிடம் நின்றால் மேன்முறையீடும் ஆங்கில எழுத்தும் கை வரும். ஆனால், அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாவற்றுக்கும் வீட்டிலிருந்து காசு போகவேண்டும். யாழ்ப்பாணத்தில் நின்றால் வீட்டுச் சோறு, அப்பாவின் மோட்டார் சைக்கிள், பதினைந்து இருபது நிமிடத்தில் நீதிமன்றம். அதோடு, முதலாவது கட்சிக்காரர் ஊர்க்காரராக வரும் வாய்ப்பு.

ஜூனியருக்குச் சம்பளம் என்ற ஒன்று வழமையில் இல்லை. சீனியரின் மனமும் அன்றைய வழக்குமே கணக்கு. சிலர் வழிச்செலவு கொடுப்பார்கள். சிலர் “பழகுறதுதானே” என்பார்கள். தமிழ்நாட்டில் இதே மனக்குறை நீதிமன்றம் வரை போனது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 15,000 முதல் 20,000 இந்திய ரூபாய் வரை உதவித்தொகை கிடைக்க வழி செய்யும்படி தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தைப் பணித்தது. ஒரு தொழிலின் மூத்தவர்கள் தங்கள் இளையவர்களுக்குச் சோறு போடவேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது இந்தத் தொழிலின் நிலைமைக்கு ஓர் அளவுகோல்.

இந்தக் காத்திருப்பின் சுமை எல்லோருக்கும் ஒரே அளவல்ல. வகுப்பறையில் பெண் பிள்ளைகள் நிறைய. பட்டம், பரீட்சை, பயிலுநர் காலம் எல்லாம் முடிய வயது இருபத்தெட்டைத் தொடும். வருமானம் வரத் தொடங்கும் அதே வருடங்களில்தான் வீட்டில் சாதகமும் எடுக்கிறார்கள். மாப்பிள்ளை ஸ்காபரோவில் என்றால் அத்தனை படியும் இன்னொரு நாட்டில் முதலிலிருந்து.

படிப்பிக்கிற ஆட்களுக்கும் இந்த ஊரில் தொழில் இலகுவாக இருக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறைக்குத் தலைமை வகித்த குமாரவடிவேல் குருபரன், நாவற்குழியில் 1996 இல் காணாமலாக்கப்பட்ட இளைஞர்கள் தொடர்பான ஆட்கொணர்வு மனுக்களில் ஆஜரானவர். விரிவுரையாளர் ஒருவர் வழக்காடலாமா என்று இராணுவம் எழுப்பிய கேள்வியைத் தொடர்ந்து, 2019 நவம்பரில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அவரைத் தொழில் செய்வதிலிருந்து தடுத்தது. 2020 ஜூலையில் அவர் பதவி விலகினார். மன்றுக்குப் போய்வந்து மறுநாள் வகுப்பில் அந்த அனுபவத்தைச் சொல்லக்கூடிய ஒரு ஆசிரியரை மாணவர்கள் இழந்தார்கள்.

உறுதிக் கட்டுக்குள் ஒரு தொழில்

யாழ்ப்பாணத்தில் இளம் சட்டத்தரணிக்கு அடுப்பு எரிவது பெரும்பாலும் காணியால்தான். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணிக் கொடுக்கல் வாங்கல் நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிக்கும் முன்னால் கையெழுத்தாகவேண்டும். ஆகவே சட்டத்தரணியாகிறவர் நொத்தாரிசாகவும் பதிந்துகொள்வது இங்கே வழமை.

ஓர் உறுதியை விரித்துப் பாருங்கள். முத்திரை, இலக்கம், ‘இன்ன வளவு’ என்று காணியின் பெயர், பரப்புக் கணக்கு, நாலு எல்லை. 16 பரப்பு ஓர் ஏக்கர். நெல்வயலென்றால் கணக்கு வேறு. கிழக்கே ஒழுங்கை, மேற்கே இன்னார் மனைவி இன்னாரின் ஆதனம். கீழே “கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்” என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக மூன்று தலைமுறை வழக்குப் பேசிய குடும்பங்கள் வலிகாமத்தில் உண்டு. எல்லை எழுதப்பட்ட அயலவர் ரொறொன்ரோவில், அவருடைய தங்கை பாரிஸில், மூத்தவர் இறந்துவிட்டார், மரணச் சான்றிதழில் பெயர் வேறு. இதை அவிழ்க்க நொத்தாரிசு வேண்டும், அற்றோணித் தத்துவம் வேண்டும், தேசவழமை தெரிந்த ஆள் வேண்டும்.

போரும் சட்டத்துக்கு வேலை வைத்திருக்கிறது. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வேறொருவர் இருந்து ஆண்ட காணிக்கு ஆட்சியுரிமை கோரும் வழக்குகளில், 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்குச் சிறப்பு ஏற்பாடு செய்தது. இந்தக் கோப்புகளைக் கொழும்புச் சட்டத்தரணி கையில் எடுத்தால் முதலில் ஒரு யாழ்ப்பாணத்து ஆளைத்தான் தேடுவார்.

---
பெட்டிச் செய்தி 2: யாழ்ப்பாணத்துக் காணிப் பாடம்

● தேசவழமை: யாழ்ப்பாணத்து வழமைகளை டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1706 இல் தொகுத்தார். 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலு கொடுத்தனர்.
● சீதனம், முதுசொம், தேடியதேட்டம் என்று ஆதனம் வந்த வழியைப் பொறுத்து உரித்து மாறும்.
● தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் உள்ள இந்த ஏற்பாடு, பெண் சட்டத்தரணி எழுதும் உறுதிக்கும் பொருந்தும்.
● பங்காளிக்கும் உரித்தாளியாகக்கூடிய உறவினருக்கும் காணியை முதலில் வாங்கும் உரிமை உண்டு. 1947 ஆம் ஆண்டுச் சட்டம் அதன் நடைமுறையைச் சொல்கிறது.
---

கடல் கடந்தால்

வெளிநாட்டுக் கனவுக்கும் இங்கே ஒரு மூதாதை உண்டு. கோப்பாய்ப் பிரதேசத்துச் சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. 1852 இல் கோப்பாயில் ஆசிரியராக இருந்தவர், சென்னைக்குப் போனார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரானார். 1871 இல் சட்டப் பட்டமும் பெற்றார். கும்பகோணத்தில் வழக்கறிஞர், பிறகு புதுக்கோட்டையில் நீதிபதி. கலித்தொகையை அச்சேற்றிய பதிப்பாசிரியர் என்றே நாம் அவரை நினைக்கிறோம். ஏடு தேடியவருக்குச் சோறு போட்டதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

அவர் காலத்தில் கடல் தாண்டினால் போதும். இன்று ஒவ்வொரு கரையிலும் ஒரு வாசல். இங்கிலாந்தில் 2021 செப்டெம்பர் முதல் சொலிசிட்டராக எல்லோருக்கும் பொதுவான இரண்டு கட்டத் தகுதிப் பரீட்சை. ஏற்கெனவே வேறொரு நாட்டில் சட்டத்தரணியானவருக்கு இரண்டாண்டு வேலை அனுபவ நிபந்தனை இல்லை. கனடாவில் தேசிய மதிப்பீட்டுக் குழு ஒவ்வொருவரின் பட்டத்தையும் பார்த்து, அரசியலமைப்பு, நிருவாகம், குற்றவியல், தொழில் ஒழுக்கம் போன்ற பாடங்களில் பரீட்சை எழுதச் சொல்லும். பிறகு மாகாண உரிமம். வெறும் சட்டமாணியோடு போகிறவரைவிட, புதுக்கடையைத் தாண்டிச் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டுப் போகிறவருக்கு இங்கிலாந்தில் படி குறைவு. ‘எப்படியும் வெளிநாடுதானே, ஏன் சட்டக் கல்லூரி?’ என்று கேட்கும் வீடுகள் இதைக் கணக்கில் எடுக்கவேண்டும்.

கடல் கடக்காமலும், தனியாக வழக்காடாமலும் சட்டத்தால் வாழலாம். சட்டமா அதிபர் திணைக்களத்தில் அரச சட்டவாதி, நீதிச்சேவை, 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு, வங்கிகளின் சட்டப் பிரிவு, விரிவுரை. அரசியலும் உண்டு: கோப்பாய்த் தொகுதி 1947 இல் அனுப்பிய முதலாவது பாராளுமன்ற உறுப்பினர் கு. வன்னியசிங்கம் ஒரு சட்டத்தரணி.

பையில் இருந்தது

ஓட்டோ திரும்பி வீதிக்கு ஏறிவிட்டது. மாமி இன்னும் படலையடியில். பை என்ன என்று கேட்டபோது சிரித்துக்கொண்டே திறந்து காட்டினார். பொலித்தீனில் சுற்றிய உறுதி ஒன்று. மடிப்பில் கிழிந்து, ஸெலோடேப் மஞ்சளித்திருந்தது. பின்வளவு, அண்ணனுடைய பங்கோடு சேர்ந்தது. அண்ணன் ஜேர்மனியில்.

“உவள் வந்தாப் பிறகு காட்டலாமெண்டு வச்சிருக்கிறன். பட்டினத்தில ஆக்களிருக்கினம்தான். ஆனா எனக்கு எங்கட பிள்ளை வாசிச்சுச் சொன்னால்தான் விளங்கும்.”

சத்தியப்பிரமாணத்துக்கு இன்னும் எத்தனை மாதம் என்று மாமிக்குத் தெரியாது. புதுக்கடை எந்தத் திசை என்றும் தெரியாது. பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.